ஸ்டாக் என்றால் அளவு

ஸ்டாக் வகுப்பு வண்டிகள் இத்தனை ஆண்டுகளில் எப்படி இவ்வளவு வேகம் பெற்றன என்று இம்மலருக்கு எழுதும்படி சங்கப் பெரியவர்கள் பணித்தார்கள். புக்கிட் ரோத்தான் முதல் சுங்கை பஞ்சாங் வரை நம் பட்டறை வழிகளை உறுப்பினர்கள் அறிவார்கள். போர்ட் அராவியவர்கள் ஒரு வழி, ஹெட் வேலைக்காரர்கள் இன்னொரு வழி, கணினியில் ரீமேப் செய்பவர்கள் இன்றைய வழி. வேகம் தம் கையால் வந்ததென்றே மூவரும் சொல்வர். என் முடிவு வேறு: வேகத்தின் பெரும்பகுதி விதி விட்ட இடத்திலும் தொழிற்சாலையிலும் பிறந்தது. கைத்திறனுக்கு உரிய பெருமை அளவு தவறாமையில்தான் இருக்கிறது.

இவ்வகுப்பின் தாயகமான அமெரிக்காவே இதற்குச் சான்று. அங்கே 1951இல் தோன்றிய டிராக் பந்தயச் சங்கமான என்எச்ஆர்ஏ, காரின் எடையையும் நிறுவனம் அறிவித்த குதிரைத்திறனையும் வைத்து வகுப்பு பிரித்தது. 1968இல் ஃபோர்டு தன் 428 கோப்ரா ஜெட் எஞ்சினுக்கு 335 குதிரைத்திறன் என்று அறிவித்தது. எஞ்சின் தந்ததோ அதைவிட அதிகம். கேம் ஷாஃப்டில் வால்வு எழும் உயரத்துக்கு விதி உண்டு, அது திறந்திருக்கும் நேரத்துக்கு இல்லை. அந்த நேரத்தை நீட்டியே டியூனர்கள் வினாடிகளைக் குறைத்தார்கள். 2008இல் கோப்ரா ஜெட் மஸ்டாங், 2012இல் கோபோ கமாரோ எனப் பந்தயத்துக்கென்றே கட்டிய கார்களைத் தொழிற்சாலைகளே விற்றன. 402 மீட்டரை 12 வினாடியில் கடப்பது ஒரு காலத்தில் பெரிய பேச்சு. இன்று முன்வரிசைக் கார்கள் 10 வினாடிக்குள் முடிக்கின்றன.

சிறு மோட்டார்சைக்கிளான நம் கப்சாயின் கதையும் இதுவே. கார்புரேட்டரோடு வந்த இஎக்ஸ்5, பிறகு டூ ஸ்ட்ரோக் 125இசட்ஆர், அதன்பின் நான்கு வால்வும் பெட்ரோல் இன்ஜெக்ஷனும் கொண்ட ஒய்15இசட்ஆர்: ஒவ்வொரு தாவலும் தொழிற்சாலையில் நடந்தது. ஹெட் வேலை செய்யும் நம் வழியின் ஆசான்கள் அந்தத் தாவலை நம்பி நிற்கவில்லை. வால்வு சீட் ஒழுங்காக அமர்வது, நான்கு கேஸ்கட்டை மாற்றிப் பார்த்துக் கம்ப்ரஷனை நிலைநிறுத்துவது, பிளக்கின் நிறம் பார்த்து ஜெட் தேர்வது என அனுமதிக்கப்பட்ட அளவின் கடைசி நூலிழை வரை போய், அங்கே நிற்கக் கற்றுத் தந்தார்கள். போர்ட் வழியாரும் இதில் குறைந்தவர்களல்லர். எக்சாஸ் போர்ட்டைச் சற்று உயர்த்தினால் மேல் சுழற்சியில் வேகம் கூடும், கீழே இழுவை குறையும் என்று அறிந்து எண்ணித்தான் அராவினார்கள்.

பழையவர்களும் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டவர்கள்தானே, இன்று ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். போட்டார்கள், எவ்வளவு போட்டோம் என்று சொல்லவும் தெரிந்திருந்தார்கள். கணினியும் ஒரு கருவிதானே என்பது அடுத்த கேள்வி. ஆம், கற்றுச் செய்பவரை வணங்குகிறேன். எவரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. ஆயினும் பெட்டியில் வந்த புளோக் செட்டை மாட்டி, யாரோ அனுப்பிய மேப்பை ஏற்றி, அதையும் ஸ்டாக் என்று வரிசையில் நிறுத்தும் வழக்கம் பரவுகிறது. வெர்னியர் பிடிக்கத் தெரியாத கைக்கு டியூனர் என்று பெயர். பிஸ்டன் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டால் விலையைச் சொல்கிறார்கள். அளவு போனபின் பயிற்சி போகிறது, பயிற்சி போனபின் குருவின் சொல் போகிறது, கடைசியில் பட்டறை வெறும் கடையாகிறது. அளவு காத்த வழி வேறு: 1994இல் தொடங்கிய கப்சாய்ப் பந்தயமான கப் பிரிக்ஸ் வழியே பந்தய வீரர் ஹாபிஸ் ஷாரின் 2018இல் மோட்டோஜிபி வரை போனார். அந்தப் பாதையில் ஒவ்வொரு வண்டியும் பரிசோதனை மேசையைக் கடந்தே வந்தது.

ஆகவே சங்கத்துக்கு என் விண்ணப்பம் ஒன்றே. நாம் நடத்தும் போட்டியில் வென்ற வண்டியின் எஞ்சினைப் பரிசளிப்புக்கு முன் எல்லார் கண்முன்னும் திறந்து அளக்க வேண்டும். முதலில் நம் வழியார் வண்டியைத் திறக்கட்டும்.