சாத்தனார் கண்ட தீவுகள்

ஹனூரிலிருந்து கொள்ளேகாலம் வழியாகச் சென்றால், காவிரி இரு கிளையாகப் பிரிந்து சிவசமுத்திரத் தீவைச் சூழ்ந்தோடும் காட்சியைக் காணலாம். 1956 வரை கோவை மாவட்டத்தோடு இணைந்திருந்த இப்பகுதியினர்க்கு அத்தீவு புதிதன்று. யான் மனைவியை இழந்த ஆண்டில், “எங்கேனும் போய் நான்கு நாள் இருந்து வாருங்கள், மனம் ஆறட்டும், பிறகு வேறொரு பெண் பார்க்கலாம்” என்று உறவினர் சொன்னார்கள். யான் சென்று அமர்ந்த இடம் அத்தீவு. கையில் இருந்த நூல் மணிமேகலை. அவ்வாறு கடலோடு கலக்கும் புகார் நகரில் தொடங்கும் அக்காப்பியம், உறவினர் கூறிய அறிவுரையையே ஒரு வினாவாக எடுத்து ஆராய்ந்திருத்தலை அன்றுதான் கண்டேன்.

மனைவியை இழந்தான் துயருக்குத் தமிழில் இடமில்லை என்று கருதிவிடலாகாது. தபுதாரநிலை என அதனைத் தனித்துறையாகவே வகுத்தார் தொல்காப்பியர். சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை தன் தேவியின் ஈமத்தீயைக் கண்டு பாடியது புறநானூற்றின் 245-ஆம் பாட்டு. இத்துயரும் தன்னைக் கொல்லவில்லையே என்பதுதான் அவனுடைய பெருந்துயர். ஆயின் அப்பாட்டு ஈமத்தருகிலேயே நின்றுவிடுகிறது. மறுநாள் விடிந்தபின் அம்மன்னன் என் செய்தான் என்பதை அது கூறவில்லை. கூறுதல் அத்துறைக்குரிய கடனும் அன்று. இழப்புக்குப் பின் வாழும் வாழ்வைச் சொல்வதற்குக் கதை வேண்டும். அக்கதைகளைச் சாத்தனார் தீவுகளில் நிகழ்த்துகின்றார்.

முதலில் சாதுவனைக் காண்போம். கற்பிற் சிறந்த ஆதிரையைப் பிரிந்து கணிகையொருத்திபால் தங்கி, சூதாடிப் பொருளெல்லாம் இழந்து, அவளாலும் கைவிடப்பட்டுக் கப்பலேறியவன் அவன். மரக்கலம் உடைந்தது, முறிந்த மரமொன்றைப் பற்றி நாகர் மலையை அடைந்து, களைப்பால் மரநிழலில் உறங்கினான். அவனை உண்ண வந்த நாகரிடம் அவர்கள் மொழியிலேயே பேசி உயிர் தப்பினான். அவன் கதையைக் கேட்ட நாகர் தலைவன் மனமிரங்கி, இளநங்கை ஒருத்தியையும் கள்ளையும் ஊனையும் அவனுக்கு அளிக்குமாறு ஏவுகின்றான். துயருற்றவனுக்குப் புதுக்காதலே மருந்து என்னும் கருத்தை இதனினும் வெளிப்படையாகச் சொல்ல இயலுமா? அத்தலைவன் தீயவன் அல்லன். என் உறவினரைப் போலவே அவனும் நல்லெண்ணத்தால்தான் கூறினான்.

சாதுவன் மறுக்கின்றான். இங்கே ஒரு குறையைச் சொல்லாமல் விடுதல் திறனாய்வு ஆகாது. மறுப்பதற்குக் காரணமாக அவன் ஆதிரையின் பெயரைச் சொல்லவில்லை. பிறப்பு, இறப்பு, வினைப்பயன் எனச் சமய உண்மைகளையே விரித்துரைக்கின்றான். நேற்றுவரை சூதாடியவன் இத்துணை நூலறிவை எங்குப் பெற்றான்? மணிமேகலையில் சமயம் மிக்கு மாந்தர் உணர்ச்சி குன்றியது என்போர்க்கு இவ்விடம் நல்ல சான்றாகும். ஆயின் புலவர் உணர்ச்சியை அவன் நாவில் வைக்காமல் கதையின் அமைப்பில் வைத்தார் என்பதே என் துணிபு. கணவன் இறந்தான் என்னும் பொய்ச்செய்தி கேட்டு ஆதிரை தீயில் இறங்கியதையும், அத்தீ அவளைச் சுடாததையும் கூறிய பின்னரே நாகர் மலையைக் காட்டுகின்றார். ஆகவே அவன் அறியாத ஒன்றை நாம் அறிந்தவாறு அவன் மறுப்பைக் கேட்கின்றோம். அவன் கூறும் அறவுரையின் பின்னே அவள் நிற்பது நமக்கே தெரிகின்றது. ஓமரின் ஒடிசியசு கலிப்சோவின் தீவில் ஏழாண்டு அவளுடன் வாழ்ந்துகொண்டே, பகலெல்லாம் கரையிலமர்ந்து தன் நாட்டை எண்ணி அழுதான். சாதுவனோ அழவுமில்லை, தங்கவுமில்லை.

ஆபுத்திரன் துயர் வேறு வகையது. அமுதசுரபியைக் கையில் ஏந்தியும் ஏற்பார் இன்றி வருந்தியவன், சாவக நாட்டில் மழையின்மையால் மக்கள் வாடுதலைக் கேட்டுக் கப்பலேறினான். வழியில் மணிபல்லவத்தில் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என எண்ணிக் கலம் இரவே அகன்றது. ஆளில்லாத் தீவில் ஊட்டும் பாத்திரத்தோடு தனித்து நின்ற நிலையினும் கொடிய தனிமை தமிழ்க் காப்பியங்களில் வேறில்லை. தன்னுயிரைக் காக்க மட்டும் அதனைப் பயன்படுத்த ஒருப்படாது, கோமுகிப் பொய்கையில் அதை விட்டு, உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தான். மறுபிறப்பில் புண்ணியராசனாய் அத்தீவுக்கே வருகின்றான். அங்கு அவன் காண்பவை மணலில் புதைந்திருந்த தன் பழைய எலும்புகளும், தன்னைத் தேடி வந்து மடிந்த வணிகர் ஒன்பதின்மர் எலும்புகளும் ஆகும். உள்ளம் கலங்கியவனை மணிமேகலை ஆட்சிக்கே திருப்பி அனுப்புகின்றாள்; உண்டியும் உடையும் உறையுளும் அளித்தலே அறம் என்கின்றாள்.

மணிபல்லவத்தை யாழ்ப்பாணத்து நயினாதீவு என்பாரும் உளர். அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டா. சாத்தனார்க்கு அது மறதியின் இடமன்று. பழம்பிறப்பை உணர்த்தும் பீடிகை அமைந்த இடம் என்பதே நமக்கு வேண்டுவது. இழந்ததை மறக்க வருவோர்க்கு அதனையே முழுமையாகக் காட்டும் தீவு அது.

நெடுமுடிக்கிள்ளியின் கதை சிறிது. நாககன்னி பீலிவளையோடு ஒரு திங்கள் கூடி, அவள் மறைந்தபின் ஏங்கியவன் அவன். அவள் மணிபல்லவத்திலிருந்து கம்பளச்செட்டியின் மரக்கலத்தில் அனுப்பிய மகவும் கடலில் தொலைந்தது. மகனைத் தேடித் திரிந்த மன்னன் இந்திரவிழாவை மறந்தான். புகாரைக் கடல் கொண்டது. ஒருவன் துயரில் ஓர் ஊரே மூழ்கியதைப் புலவர் பழியாகவும் கூறவில்லை, இரக்கமாகவும் கூறவில்லை. நிகழ்ந்ததாகவே கூறிச் செல்கின்றார்.

சாதுவன் சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்தில் ஊர் மீண்டான். பின்னொரு நாள், ஆபுத்திரன் தீவில் விட்ட பாத்திரத்தை ஏந்தி மணிமேகலை புகாரின் தெருவில் வந்தாள். அதில் முதற் பிச்சையை யாரிடம் ஏற்பது என்ற வினா எழுந்தபோது காயசண்டிகை காட்டியது ஆதிரையின் மனையை. ஆதிரை வெளியே வந்து, பாத்திரம் நிறைய உணவு இட்டாள். காயசண்டிகையின் தீராப் பசி அவ்வுணவினால் தீர்ந்தது.