அலையில்லாத ஊரிலிருந்து

வெஞ்சர்ஸ் குழுவை நான் பல வருஷம் மதித்ததில்லை. ஊரார் பாட்டை எடுத்து, வாய்ப்பாட்டை நீக்கிவிட்டு கிதாரில் வாசித்து, அட்டையில் அழகான பெண்ணைப் போட்டு விற்றவர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பாதி உண்மையும்கூட. அதனாலேயே மீதியைத் தேடிப் பார்க்கச் சோம்பல்.

‘சர்ஃப் ராக்’ என்ற சீட்டு இன்னொரு தொல்லை. பாப் போகிளும் டான் வில்சனும் 1958இல் வாஷிங்டன் மாநிலத்தின் டக்கோமாவில் சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தபோது இருவருக்கும் கட்டட வேலைதான் தொழில். டக்கோமா துறைமுக ஊர்தான். ஆனால் நிலத்துக்குள் நுழைந்து கிடக்கும் குளிர்ந்த கடல் அது. பலகை போட்டுச் சறுக்க அங்கே அலை ஏது? சர்ஃப் என்ற பேச்சு கலிஃபோர்னியாவில் பெரிதாவதற்கு முன்பே, 1960இல், இவர்களுடைய ‘வாக், டோன்ட் ரன்’ அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்துவிட்டது.

அந்தப் பாட்டின் பயணத்தைப் பார்த்தால் விஷயம் புரியும். ஜாஸ் கிதார் கலைஞர் ஜானி ஸ்மித் எழுதியது. அதை நாஷ்வில்லின் செட் அட்கின்ஸ் 1957இல் தன் பாணியில் வாசித்தார்: கட்டைவிரல் கீழ்த்தந்தியில் தாளம் போட, மற்ற விரல்கள் மெட்டை வாசிக்கும். ஒரே கையில் ஒரு குழு! வெஞ்சர்ஸ் கேட்டுப் பிடித்தது இந்த வடிவத்தைத்தான். அட்கின்ஸின் ஒற்றைக் கை செய்ததை இவர்கள் நாலு பேருக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். நுணுக்கம் போச்சு, உந்துதல் வந்தது. இதை எளிமைப்படுத்தல் என்று நானும் ஒரு காலத்தில் ஏளனம் பண்ணியிருக்கிறேன். இப்போது மொழிபெயர்ப்பு என்றே சொல்வேன், அதுவும் நல்ல மொழிபெயர்ப்பு.

நோக்கி எட்வர்ட்ஸ் கதை இன்னும் சுவாரஸ்யம். ஒக்லஹோமாவில் பிறந்தவர், டக்கோமா பக்கம் பக் ஓவன்ஸுடன் வாசித்தவர், அக்மார்க் கன்ட்ரி ஆள். வெஞ்சர்ஸில் முதலில் பேஸ் வாசித்தார். பிறகு போகிள் முன்னணி கிதாரை இவரிடம் கொடுத்துவிட்டு பேஸுக்குப் போனார். தன்னைவிட நன்றாக வாசிக்கிறவனுக்கு இடம் விட்டுக் கொடுக்கிற அந்தக் குணம் இசைக்குழுக்களில் அபூர்வம். அவர்கள் கையிலிருந்த மோஸ்ரைட் கிதாரும் கன்ட்ரி ஊரான பேக்கர்ஸ்ஃபீல்டில் செமி மோஸ்லி செய்ததுதான்.

1963இல் இரண்டு இசைத்தட்டுகள் வந்தன. ஒன்று ‘சர்ஃபிங்’, இன்னொன்று ‘ப்ளே த கன்ட்ரி க்ளாசிக்ஸ்’. வேடிக்கை என்னவென்றால், கன்ட்ரி தட்டில்தான் கன்ட்ரி குறைவு. மரியாதையாக, சட்டைக் கையைக்கூட மடிக்காமல் வாசிக்கிறார்கள். வார்த்தை போனதும் அந்தப் பாட்டுகள் கொஞ்சம் வெறிச்சோடிவிடுகின்றன. மாறாக ‘சர்ஃபிங்’ தட்டில் ‘விண்டி அண்ட் வார்ம்’ கேளுங்கள். அது அட்கின்ஸ் வாசித்துப் பேர் வாங்கிய பாட்டு. கடற்கரைக் கொண்டாட்டத்துக்கு நடுவே நாஷ்வில்காரர் ஒருவர் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

அதே தட்டில் ‘சர்ஃப் ரைடர்’ இருக்கிறது. எழுதியவர் எட்வர்ட்ஸ். முதலில் அதற்கு ‘ஸ்பட்னிக்’ என்று பேர். அலையெல்லாம் பிறகு ஒட்டியதுதான். ‘லைவ்லி ஒன்ஸ்’ குழு வாசித்த வடிவத்தை 1994இல் ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ படத்தின் முடிவில் டாரன்டினோ வைத்தார். சர்ஃப் இசை என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும் மெட்டுகளில் ஒன்று, ஒக்லஹோமாக்காரர் ஒருவருடையது!

பின்னால் ஜப்பான் அவர்களைக் கொண்டாடியது, 1965 வாக்கில் அங்கே மின்கிதார் பைத்தியமே பிடித்தது என்பதெல்லாம் தனிக்கட்டுரைக்கான விஷயம். எட்வர்ட்ஸ் 1968இல் விலகினார், பிறகு திரும்பி வந்தார், மறுபடி போனார். இடையில் அந்த இடத்துக்கு வந்த ஜெர்ரி மெக்கீ, லூசியானாவின் கேஜன் பிடில் கலைஞர் டென்னிஸ் மெக்கீயின் மகன். ஆள் மாறினாலும் தெற்கத்தி நாட்டுப்புறம் அந்த நாற்காலியை விட்டு நகரவில்லை.

நேற்று ராத்திரி இரண்டு ‘சர்ஃப் ரைட’ரையும் அடுத்தடுத்துக் கேட்டேன். லைவ்லி ஒன்ஸிடம் சாக்ஸஃபோன் இருக்கிறது, ஈரம் இருக்கிறது, படத்தின் ஞாபகமும் சேர்ந்துகொள்கிறது. வெஞ்சர்ஸுடையது அதைவிடக் காய்ந்தது. எட்வர்ட்ஸ் ஒவ்வொரு சுரத்தையும் தெளிவாகத் தட்டி வைத்துவிட்டு நகர்கிறார். எனக்கு இப்போது அதுதான் பிடித்திருக்கிறது.