கடைசிக் கச்சேரியின் ஒலிநாடா

புகழ்பெற்ற ஒரு ராக் இசைக்குழு கலைந்த பிறகோ, அதன் முதன்மைக் கலைஞர் மறைந்த பிறகோ, அவர்கள் கடைசியாக மேடையேறிய நாளின் பதிவைத் தேடியெடுத்து வெளியிடுவது தனியொரு வகையாகவே வளர்ந்திருக்கிறது. இவற்றுள் சில, கடைசி என்று அறிவித்தே நடந்த நிகழ்ச்சிகள். 'தி பேண்ட்' குழு 1976 நவம்பர் 25 அன்று சான்பிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்ட் அரங்கில் விடைபெற்றபோது, ஒலிப்பதிவுப் பொறியாளர்களும் மார்ட்டின் ஸ்கோர்செசியின் படக்குழுவும் முன்கூட்டியே தயாராக இருந்தனர். 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' 1978இல் மூன்று இசைத்தட்டுகளாக வந்தது. ஆனால் அதில் கேட்பது முழுக்க அன்றைய இரவு அல்ல. பல பகுதிகள் பின்னர் ஸ்டூடியோவில் திருத்தப்பட்டன. ஏற்பாடு கூடக்கூட, மேடையின் உண்மை குறையும் அபாயமும் கூடுகிறது.

கடைசி என்று யாருக்கும் தெரியாமல் நடந்தவை வேறு விதம். இசை வரலாற்றுக்கு இவையே அதிகம் தருகின்றன. 'வெல்வெட் அண்டர்கிரவுண்ட்' குழுவோடு அக்காலத்தில் லூ ரீட் கடைசியாகப் பாடிய 1970 ஆகஸ்ட் 23ஆம் தேதி இரவை, நியூயார்க் விடுதியொன்றில் உட்கார்ந்திருந்த பிரிஜிட் போல்க் சாதாரண கேசட் கருவியில் பிடித்தார். மேசையில் உட்கார்ந்தவர்களின் பேச்சும் அதில் கலந்திருக்கிறது. 1972இல் அது இசைத்தட்டாக வந்தது. 'ஜாய் டிவிஷன்' குழுவின் கடைசி மேடை 1980 மே 2 அன்று பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் அமைந்தது. பதினாறு நாள் கழித்துப் பாடகர் இயன் கர்டிஸ் இறந்தார். மறு ஆண்டு 'ஸ்டில்' தொகுப்பில் அந்தக் கச்சேரி சேர்ந்தது. பாப் மார்லி 1980 செப்டம்பர் 23 அன்று பிட்ஸ்பர்கில் பாடியதே அவருடைய இறுதி நிகழ்ச்சி. அதற்கு இரு நாள் முன்பு நியூயார்க்கில் ஓடிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தவர் அவர். அந்தப் பதிவு இசைத்தட்டாக முப்பது ஆண்டுகள் ஆயின, 2011இல்தான் வந்தது.

இந்தியாவில் இவ்வகைக்கு மிக நெருங்கி நிற்பது 'சக்தி' குழு. ராக்கையும் ஜாஸையும் கலந்த மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவால் புகழ்பெற்ற ஆங்கிலேய கிடார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், யாழ்ப்பாணத்தில் வளர்ந்த வயலின் கலைஞர் எல். சங்கர், தபேலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் விக்கு விநாயக்ராம் ஆகியோர் சேர்ந்த குழு அது. மின்கிடாரின் பேரிரைச்சலை விட்டுவிட்டு மெக்லாக்லின் அகூஸ்டிக் கிடாரோடு தரையில் அமர்ந்தார். முதல் இசைத்தட்டே மேடையில் பிறந்தது: 1975 ஜூலை 5, நியூயார்க் மாநிலத்தின் சவுதாம்ப்டன் கல்லூரி. மிருதங்கத்தில் ராம்நாட் ராகவனும் இருந்தார். அந்தத் தட்டில் மொத்தம் மூன்றே உருப்படிகள். அவற்றில் ஒன்று அரைமணி நேரத்தை நெருங்குகிறது.

1978இல் குழு கலைந்தது. 1997இல் 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் மீண்டும் கூடியபோதும் வெளிவந்தவை மேடைப் பதிவுகளே: அந்த ஆண்டின் இங்கிலாந்துக் கச்சேரிகள், 'தி பிலீவர்', மும்பையில் பதிவான 'சாட்டர்டே நைட் இன் பாம்பே'. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் இக்குழுவோடு வாசித்ததற்குப் பின்னிரண்டும் சாட்சி. 2014இல் 45 வயதில் அவர் மறைந்துவிட்டதால் அவற்றின் மதிப்பு அளவிட முடியாதது. விநாயக்ராமின் இடத்துக்கு அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்திருந்தார். ஐம்பதாம் ஆண்டை ஒட்டிய 2023ஆம் ஆண்டுப் பயணத்தில் சங்கர் மகாதேவனும் வயலின் கணேஷ் ராஜகோபாலனும் உடனிருந்தனர். 2024 டிசம்பர் 15 அன்று ஜாகிர் உசேன் காலமானார். அந்தப் பயணத்தின் பதிவுகள் 2025இல் 'மைண்ட் எக்ஸ்ப்ளோஷன்' என்று வெளிவந்தபோது, கொண்டாட்டமாக வாசித்தது பிரியாவிடையாக மாறியிருந்தது. வாசிப்பில் சோகத்தின் சாயல் துளியும் இல்லை. அதுதான் அதன் நேர்மை.

சக்தியின் பதிவுகளில் தாளவாத்தியங்கள் சரிசமமாக, முழு நீளத்துக்கு ஒலிக்கின்றன. கர்நாடக இசையின் பழைய மேடைப் பதிவுகளோடு ஒப்பிட்டால்தான் இதன் அருமை விளங்கும். 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடமே கொள்ளும். விரிவான ஆலாபனைக்கு அங்கே இடமில்லை. ஸ்பூல் நாடா வந்த பிறகே கச்சேரி முழுதாகப் பிடிபட்டது. வானொலியின் தேசிய இசை நிகழ்ச்சி 1952இல் தொடங்கியது. ரசிகர்கள் வீட்டிலிருந்தும் சபாவிலிருந்தும் பதிந்தார்கள். 1968இல் மறைந்த மதுரை மணி ஐயரைப் பின்வந்த தலைமுறை அறிந்தது பெரும்பாலும் இந்த நாடாக்களால்தான். பதிந்தவர்களுக்கு இசையுலகம் பட்டிருக்கும் கடன் பெரிது.

ஆனால் நாடா விலை மிகுந்த பொருள். அதைச் சேமிக்கப் பலர், தாளவாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பதிவுக் கருவியை நிறுத்தினார்கள். பாட்டு மீண்டும் எடுக்கப்படும் இடத்தில் பதிவு தொடரும். இப்படி மிருதங்கமும் கடமும் கஞ்சிராவும் பேசிய கணக்கற்ற மணி நேரங்கள் போய்விட்டன. பக்கவாத்தியக்காரர் பெயரே எழுதப்படாத உறைகளும் உண்டு. பாடகரின் ஒரு கச்சேரி போனால் இன்னொன்று கிடைக்கலாம். லய வித்வான்கள் பலருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

எஞ்சிய நாடாக்களுக்கும் எதிரிகள் பலர். கடலோரச் சென்னையின் ஈரக் காற்றும், பள்ளங்கி, வில்பட்டி போன்ற பழனிமலை ஊர்களின் மூடுபனி ஈரமும் நாடாவில் பூஞ்சையை வளர்ப்பவை. 1970களிலும் 80களிலும் வந்த சில வகை நாடாக்களில் காந்தப் பூச்சைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகிறது. அவற்றை ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் உலர்த்தி, இறுகிய சில நாட்களுக்குள் டிஜிட்டல் வடிவுக்கு மாற்றிவிட வேண்டும்.

அடுத்த சிக்கல் சுருதி. பதிந்த கருவி சற்று மெதுவாக ஓடியிருந்தால், இன்று சரியான வேகத்தில் இயக்கும்போது ஒன்றரைக் கட்டையில் பாடியவர் இரண்டு கட்டையில் கேட்பார்; குரலின் கனமே மாறிவிடும். அந்தக் கலைஞர் வழக்கமாகப் பாடிய கட்டை, நாடாவில் பதிந்துபோன 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல் ஆகியவற்றை வைத்துப் பொறியாளர் வேகத்தை மதிப்பிடுகிறார். இரைச்சலை அடியோடு நீக்கும் ஆசையில் தம்புராவின் கார்வையையும் துடைத்துவிட்ட வெளியீடுகள் கேட்கச் சங்கடமானவை. கொஞ்சம் இரைச்சலோடு விடுவதே மேல்.

சென்னை மியூசிக் அகாடமியின் டிஜிட்டல் காப்பகத்தில் பழைய கச்சேரிகளை அங்கேயே அமர்ந்து கேட்க வசதி உண்டு. கேட்க வைப்பது வேறு, இசைத்தட்டாக விற்பது வேறு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் செய்த திருத்தம், நிகழ்த்துகலைஞருக்கென்று தனி உரிமையை உருவாக்கியது. இப்போது அது நிகழ்ச்சி நடந்த அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டுகள் நிற்கிறது. ஒலிப்பதிவுக்கான உரிமை, வெளியீட்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். நாடாவை வைத்திருப்பவர் அதனால் மட்டுமே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. சட்டத்தின் பார்வையில் பாடகரைப் போலவே வயலின்காரரும் மிருதங்கக்காரரும் கடக்காரரும் நிகழ்த்துகலைஞர்களே. உரிமைக்காலம் முடியாத கச்சேரியை வெளியிட முனைகிற நிறுவனம், அவர்கள் ஒவ்வொருவரிடமும், மறைந்திருந்தால் வாரிசுகளிடமும், ஒப்புதல் பெற வேண்டும். அதற்கு முதல் வேலை, நாடா உறையில் விடுபட்டுப்போன பெயர்களைக் கண்டுபிடிப்பது.