கொலுவில் இல்லாத பொம்மை

இரும்பை மாகாளேசுவரர் கோயிலுக்குப் போகிறவர் கடுவெளிச் சித்தர் கதையைக் கேட்காமல் திரும்ப முடியாது. தவத்தில் இருந்தவரை அரசன் ஏவிய ஆடல் மகள் கலைத்ததும், ஊர் சிரித்ததும், அவர் பாடியதும், லிங்கம் வெடித்ததும் நல்ல கதைதான். ஆனால் சித்தர் என்றாலே நமக்கு வைத்தியமும் நினைவுக்கு வருகிறது. சித்த வைத்தியசாலைகளில் மாட்டியிருக்கும் பதினெண் சித்தர் படத்தில் ஒரு பெண் முகத்தைத் தேடிப் பாருங்கள்.

இரும்பையை அடுத்துப் பிச்சாண்டிகுளம் என்று ஒரு காடு இருக்கிறது. செம்மண் பொட்டலாகக் கிடந்த இடத்தில் 1973-ல் ஜாஸ் புரூக்ஸ் என்ற ஆஸ்திரேலியர் வளர்க்க ஆரம்பித்தது. இந்தக் கரைக்கே உரிய மரங்களோடு மருந்துச் செடிகளும் அங்கே உண்டு. நிழலில் நடக்கும்போது, வைத்தியம் தெரிந்த நம் முன்னோர் பெண்களுக்கு இதைவிட நல்ல நினைவுச் சின்னம் வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. இப்போது அந்த அபிப்பிராயம் மாறிவிட்டது. செடியை நினைவில் வைப்பது சுலபம். அதைப் பறித்தவளை நினைவில் வைப்பதுதான் கஷ்டம்.

ஜூடி சிகாகோ என்ற அமெரிக்கப் பெண்மணி 1979-ல் ஒரு விருந்து மேஜையைக் காட்சிக்கு வைத்தார். நான் படத்தில் பார்த்ததுதான். முக்கோண மேஜை, சரித்திரத்துப் பெண்கள் 39 பேருக்கு 39 தட்டு. இதை 'இன்ஸ்டலேஷன்' என்கிறார்கள். கொலு வைத்துப் பழகிய நமக்கு விளக்கம் தேவையில்லை. அந்தத் தட்டுகளில் ஒன்று இத்தாலியில் சலேர்னோ நகரத்து வைத்தியப் பெண்ணான டிராட்டுலாவுக்கு. அவள் பெயரால் வழங்கிவந்த பெண்கள் வைத்திய நூலை 1566-ல் பதிப்பித்தவர், ஆசிரியர் என்று ஒரு ஆணின் பெயரைப் போட்டுவிட்டார். தட்டின் சித்திர வேலையைப் பற்றி எனக்குப் பெரிய உற்சாகம் இல்லை. ஆனால் பெயர் சொல்லி உட்கார வைத்திருக்கிறார்களே, அது சாமானியமல்ல.

நம் கொலுவில் செட்டியார் கடை வைத்திருக்கிறார். பாம்பாட்டி இருக்கிறான். கல்யாண ஊர்வலம் போகிறது. மருத்துவச்சியை நான் பார்த்ததில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். அவள் பெரும்பாலும் நாவிதர் வீட்டுப் பெண். பிள்ளையைக் கையில் ஏந்தியவள், தொப்புள்கொடி அறுத்தவள், கொல்லைப்புறமாக வந்து கொல்லைப்புறமாகவே போனாள். பிரசவ லேகியத்தின் பக்குவத்தை அவளிடம் கேட்டுக்கொண்டு, 'பாட்டி வைத்தியம்' என்று நம் வீட்டுப் பாட்டியின் பெயரில் எழுதிவைத்தோம். மருத்துவர் என்றால் பெரிய படிப்பு. மருத்துவச்சி என்றால் பிள்ளைப்பேறு மட்டும். சொல்லையே குறுக்கிவிட்டோம். கதை எழுதும் நானும் யோக்கியனல்ல. என் நாவல்களில் அவள் உள்ளறையிலிருந்து வெந்நீர் கேட்கும் குரலாகத்தான் வருகிறாள். முகம் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

மரக்காணம் உப்பளங்களின் பக்கம் இருளர் குடியிருப்புகள் உண்டு. வேரும் பட்டையும் அறிந்த ஜனங்கள். அவர்களுடைய பெண்களே 1986-ல் செங்கற்பட்டுப் பக்கம் தண்டரையில் சங்கம் அமைத்து மூலிகை வளர்க்கிறார்கள். மாசி மகத்துக்குப் பல ஊர் இருளரும் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவார்கள். சேலைகளைக் கட்டிக் கூடாரம் போட்டு, ஈர மணலில் ஏழு படி அமைத்து, பூவும் பழமும் வைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். பல்லவச் சிற்பங்களைப் பார்க்க வருகிற கூட்டம் இந்தப் படிகளைத் தாண்டித்தான் போகிறது. கலை விமரிசகர்களும் அப்படித்தான். வைத்தியத்துக்கென்று கட்டிய படியல்ல அது. ஆனாலும் பெண்ணைப் படியேற்றிவைக்க மணல் போதும் என்று அங்கேதான் கண்டேன். மறுநாள் அலை வந்து கரைத்துவிடுகிறது. அடுத்த மாசியில் மறுபடியும் கட்டுகிறார்கள்.

சென்ற நவராத்திரிக்கு முன்னால் புதுச்சேரியில் ஒரு பொம்மைக்காரரிடம் மருத்துவச்சி பொம்மை உண்டா என்று கேட்டேன்.

"டாக்டரம்மா இருக்குதுங்க, ஐயா. கழுத்துல குழாய்கூட இருக்கு. எடுக்கட்டுமா?" என்றார்.