யார் பிரதானம், யார் பக்கவாத்தியம்?

பெல்ஜியத்தில் பிறந்த அடோல்ஃப் சாக்ஸ் என்பவர் 1846-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் தம் புதிய வாத்தியத்துக்குக் காப்புரிமை பெற்றபோது, பித்தளை வாத்தியங்களின் கம்பீரத்தையும் மரக்குழல்களின் குழைவையும் ஓருடலில் சேர்த்துவைப்பதையே நோக்கமாகக் கொண்டிருந்தார். இரு குலத்துக்கும் பொதுவாய்ப் பிறந்த அந்த சாக்ஸபோன், பிற்காலத்தில் ஜாஸ், ராக் என்னும் இரு சங்கீதங்களுக்கிடையே தூது போக நேர்ந்தது பொருத்தமே. ஆனால் அந்தத் தூது எளிதாக அமைந்துவிடவில்லை. ஜாஸ் வித்வானுக்கு மனோதர்மமே ஜீவன். தன் மூச்சின் நீளத்துக்கேற்ப வாக்கியத்தை வளர்த்தும் முறித்தும் செல்வது அவன் கலை. ராக் கோஷ்டியோ, மின்சாரக் கிதாரில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் சிறியதொரு ஸ்வரக்கோவையையும், தளராத தாளத்தையும், காதை நிறைக்கும் ஒலிப்பெருக்கத்தையும் ஆதாரமாகக் கொண்டது. இவை ஒரே மேடையில் கூடும்போது எது பிரதானம், எது பக்கவாத்தியம் என்ற கேள்வி எழுகிறது. பரிசோதனை நாட்டமுள்ள ராக் கோஷ்டிகள் அதற்கு அளித்த விடைகளைக் கொண்டே அம்முயற்சிகளை வகைப்படுத்திவிடலாம்.

முதல் விடை, சாக்ஸபோனே இல்லாமல் அளிக்கப்பட்டது. 1966-இல் அமெரிக்காவின் ‘தி பேர்ட்ஸ்’ கோஷ்டி வெளியிட்ட ‘எய்ட் மைல்ஸ் ஹை’ என்னும் பாட்டில், ரோஜர் மக்கின் தம் பன்னிரண்டு தந்திக் கிதாரைக் கொண்டு ஜான் கோல்ட்ரேனின் சாக்ஸபோன் பிரயோகங்களைப் பின்பற்ற முயன்றார். அவர் மனத்தில் கொண்ட கோல்ட்ரேனின் உருப்படிக்கு ‘இந்தியா’ என்று பெயர். கோல்ட்ரேனோ ரவிசங்கரின் சங்கீதத்தில் ஈடுபட்டு, தம் மகனுக்கே ரவி என்று பெயரிட்டவர். ஆக, சிதாரைக் கேட்ட சாக்ஸபோனைக் கேட்ட கிதார் அது.

1970-ஆம் ஆண்டில், ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு விடைகள் தோன்றின. மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரைச் சேர்ந்த ‘தி ஸ்டூஜஸ்’ என்னும் முரட்டுக் கோஷ்டி, அவ்வூரில் வாசித்துவந்த ஸ்டீவ் மக்கே என்ற சாக்ஸபோன்காரரை உடன் அழைத்துக்கொண்டு லாஸ் ஏஞ்சலிஸ் சென்று, ‘ஃபன் ஹவுஸ்’ என்ற தட்டைப் பதிவு செய்தது. தட்டின் முதல் பக்கத்தில் சாக்ஸபோன் கிடையாது. இரண்டாம் பக்கத்தில் நுழையும் அது, இறுதி உருப்படியில் கிதாரின் இரைச்சலோடும் பாடகர் இக்கி பாப்பின் அலறலோடும் கலந்து, தனக்கென்று ஒரு குரல் இல்லாமல் கரைந்துபோகிறது. அதில் ஆவேசம் உண்டு, சம்பாஷணை இல்லை.

இங்கிலாந்தின் கான்டர்பரியில் வேர்கொண்ட ‘சாஃப்ட் மெஷின்’ கோஷ்டியின் கதை வேறு. கீத் டிப்பெட் என்ற ஜாஸ் பியானோக்காரரின் குழுவிலிருந்து எல்டன் டீன் என்ற சாக்ஸபோன் வித்வானை வரவழைத்துக்கொண்ட அவர்கள், பக்கத்துக்கு ஒன்றாக நான்கே நீண்ட உருப்படிகளைக் கொண்ட ‘தேர்ட்’ என்னும் இரட்டைத் தட்டை வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில், சாஸ்திரீய சங்கீதத்துக்குப் பேர்போன ப்ராம்ஸ் விழாவிலும் வாசித்தார்கள். விருந்தாளிக்கு இடம் கொடுக்கப் போய், வீட்டையே அவருக்கு ஒழித்துக்கொடுத்ததுபோல் ஆயிற்று அது. மிருதங்க வித்வானே பாடவும் செய்வதுபோல, முரசுகளை வாசித்துக்கொண்டே பாடிவந்த ராபர்ட் வாயட்டின் பாட்டு ‘தேர்ட்’ தட்டில் ஒரு பக்கத்தோடு நின்றது. அடுத்த தட்டில் பாட்டே இல்லை. 1971-இல் வாயட்டும் விலகினார். ஜாஸை அணைத்துக்கொண்ட கோஷ்டி மெல்ல ஜாஸ் கோஷ்டியாகவே மாறியது. அவர்கள் ஞானத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆயினும் சந்திப்பு என்பதற்கு இருவர் வேண்டுமல்லவா?

இருவரும் தத்தம் இயல்பில் நின்றே பேசிக்கொண்ட சந்தர்ப்பங்களும் உண்டு. 1990 மார்ச் 29-ஆம் தேதி நியூயார்க்கின் லாங் ஐலண்டில், மணிக்கணக்காய் மனோதர்மத்தில் திளைக்கும் ‘கிரேட்ஃபுல் டெட்’ என்ற ராக் கோஷ்டியோடு ஜாஸ் சாக்ஸபோன் வித்வான் பிரான்ஃபோர்டு மார்சாலிஸ் வாசித்த கச்சேரியை ரசிகர்கள் இன்றும் சிலாகிக்கிறார்கள்.

எனினும் இத்துறையில் நிறைவான விடை, எதிர்பாராத திசையிலிருந்தே வந்தது என்பது என் அபிப்பிராயம். எத்தியோப்பியாவில் 1935-இல் பிறந்த கெடாச்சு மெக்குரியா, அட்டிஸ் அபாபா நகராட்சி வாத்திய கோஷ்டியில் பயின்று, போர்வீரர்கள் சூளுரைக்கும் ‘ஷெல்லெலா’ என்ற முழக்கத்தைத் தம் சாக்ஸபோனுக்குள் கொண்டுவந்தவர். மேடையில் சிங்கப்பிடரி சூடி நிற்பதும் அவர் வழக்கம். அவர் வாசிப்பின் கரகரப்பையும் சீற்றத்தையும் கேட்ட மேல்நாட்டார் அதை அமெரிக்காவின் கட்டற்ற ஜாஸோடு ஒப்பிட்டார்கள்; ஆனால் அது எத்தியோப்பிய மண்ணில் தானே முளைத்தது. அங்குள்ள பண்கள் பெரும்பாலும் ஐந்து ஸ்வரங்களால் ஆனவை. ‘டிசிட்டா’ என்பதன் ஒரு வகை, நம் மோகனத்தின் ஸ்வரங்களையே கொண்டது.

இவரோடு சேர்ந்தது, 1979-இல் ஆம்ஸ்டர்டாமில் தோன்றி, கிதாரைச் சுரண்டியும் தட்டியும் ஒலியெழுப்பும் ‘தி எக்ஸ்’ கோஷ்டி. தங்கள் இருபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கு அவர்கள் கெடாச்சுவை ஆம்ஸ்டர்டாமுக்கு அழைத்தார்கள். அந்த உறவின் கனியாக 2006-இல் வெளிவந்த தட்டுக்கு ‘வெற்றிச் சிங்கம்’ என்று பொருள்படும் ‘மோவா அன்பெஸ்ஸா’ என்ற பெயர் அமைந்தது. தங்கள் பாட்டுக்கு ஓர் அலங்காரமாக அவரை அமர்த்தாமல், அவருடைய உருப்படிகளைக் கற்றுக்கொண்டு, அவர் மூச்சு நிற்குமிடத்தில் நின்று, எழுமிடத்தில் எழுந்தார்கள் என்பதே இதில் விசேஷம். அப்படிப் பின்சென்றபோதும் கிதார்கள் சாதுவாகிவிடவில்லை. பழைய சுரண்டலும் முரசின் பிடிவாதமும் அப்படியே இருந்தன.

பக்கவாத்தியம் என்பதைப் பணிவு என்று மட்டும் பொருள்கொள்வோர் இதைக் கேட்க வேண்டும். பாடகரின் அடுத்த சங்கதியை முன்னறிந்து, தன் நாதத்தைக் குறைக்காமலே வழிவிடுகிறவர்தான் நல்ல மிருதங்கக்காரர் என்று நம் கச்சேரி ரசிகர்கள் சொல்வார்கள். சாஃப்ட் மெஷின் வழிவிட்டுத் தன் நாதத்தை இழந்தது. ஸ்டூஜஸ் நாதத்தைக் காத்து வழியை மறந்தது. 2016-இல் கெடாச்சு மறைந்தார். எழுபது வயதை எட்டிய ஒரு கிழச்சிங்கத்துக்கு ஆம்ஸ்டர்டாம் முரடர்கள் வாசித்த பக்கவாத்தியம் தட்டில் நிலைத்திருக்கிறது.