இயந்திர சாஸ்திரமும் வியாபார நிர்வாகமும்

பூட்டுத் தொழிலில் பெயர் பெற்றிருந்த ஹென்றி டவுன் என்னும் அமெரிக்கர், 1886ஆம் ஆண்டில் இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் முன் வாசித்த கட்டுரையில், பட்டறையை நிர்வகிப்பதும் பொறியியலாளரின் கடமைகளில் ஒன்றே என்றும், கூலிக்கணக்கும் உற்பத்திச் செலவும் அவர் அறியாத விஷயங்களாக இருத்தல் ஆகாது என்றும் வாதித்தார். 1914இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் பொறியியல் மாணாக்கருக்கென்றே நிர்வாகப் பாடத்தைத் தொடங்கியதும் இவ்வகைச் சிந்தனையின் பயனே. இயந்திரம் ஏன் நிற்கிறது என்பதையும், நின்ற ஒவ்வொரு மணிக்கும் எவ்வளவு நஷ்டம் என்பதையும் ஒருவரே அறிந்திருந்தால், ஆலைக்கும் கணக்கறைக்கும் இடையே ஓயாமல் நிகழும் பூசல் பெரிதும் தணியும் என்பதில் ஐயமில்லை.

ஆயினும், இவ்விணைப்புக்குச் சான்றாக எல்லோரும் காட்டும் ஆல்ஃபிரட் ஸ்லோன், அக்கழகத்தில் 1895இல் மின்பொறியியல் பட்டம் பெற்றவரேயன்றி, நிர்வாகப் பட்டம் எதுவும் பெற்றவரல்லர். ஜெனரல் மோட்டார்ஸின் தலைமைக்கு அவரை உயர்த்திய வியாபார ஞானம், ஹயாட் ரோலர் பேரிங் ஆலையில் பல்லாண்டு உழைத்துச் சம்பாதித்தது. அக்கழகத்தின் நிர்வாகப் பள்ளியோ இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது!

நம் தேசத்தில் 1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் தோன்றின. அவற்றின் நுழைவுத் தேர்வில் கணக்குக்கு உள்ள செல்வாக்கினால் பொறியியல் பட்டதாரிகளே பெருந்திரளாக உள்ளே வருகின்றனர். அவர்களிற் பலர் ஒரு நாளேனும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவரல்லர். நான்கு ஆண்டு கொதிகலனையும் விசைச்சுழலியையும் பற்றிப் படித்தவர் முடிவில் சோப்பு விற்பனைக்கோ வங்கி உத்தியோகத்துக்கோ போய்ச் சேர்கிறார். சம்பளத்தை நாடுவது குற்றமன்று. ஆனால் அங்கே பொறியியல் படிப்பு வாசலில் காட்டிவிட்டுக் கிழித்தெறியும் அனுமதிச் சீட்டாகிவிடுகிறது.

இதனினும் கவலைக்குரியது, இரண்டு அறிவும் முரண்படும் வேளையில் எது மேலோங்கும் என்ற கேள்வி. 1986 ஜனவரியில், சேலஞ்சர் விண்ணோடம் புறப்படுவதற்கு முந்தின இரவு, கடுங்குளிரில் ரப்பர் வளையங்கள் பழுதுபடலாம் என்று ராக்கெட் தயாரித்த நிறுவனத்தின் பொறியியலாளர்கள் எச்சரித்தனர். பொறியியல் பிரிவின் தலைவரும் முதலில் அவர்கள் பக்கமே நின்றார். பொறியியலாளரின் தொப்பியைக் கழற்றி நிர்வாகியின் தொப்பியை அணியுமாறு மேலதிகாரி கேட்டுக்கொண்டபின் அவர் இசைந்தார். மறுநாள் 7 பேர் மாண்டனர். நிர்வாகப் பட்டம் எத்தனை பெற்றிருந்தாலும் அந்த இரவில் அது துணை செய்திருக்காது. வேண்டியிருந்தது, பொறியியல் தீர்ப்பை விட்டுக்கொடாத உறுதி.

1988இல் மாசசூசெட்ஸ் கழகம் தொடங்கிய, பொறியியலையும் நிர்வாகத்தையும் சேர்த்த இரட்டைப் பட்டத் திட்டத்தில் மாணாக்கர் ஏறத்தாழ அரையாண்டைத் தொழிற்சாலையிலேயே கழிக்க வேண்டும் என்று விதித்தனர். இரு படிப்புகளையும் உண்மையில் பிணைப்பது அந்த அரையாண்டே. நம் நிர்வாகக் கல்லூரிகளும் நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைக் காட்டிலும் ஆலை அனுபவத்துக்கு அதிக மதிப்பளிக்க வேண்டும். அதுவரை இவ்விரட்டைப் படிப்பை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.