தொட்டிலில் இருப்பது விஞ்ஞானியா?

குழந்தை இயல்பிலேயே விஞ்ஞானி என்ற வாதத்துக்குக் கோவைக்காரர்களுக்கு உடனே நினைவுக்கு வரும் சான்று கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு. 1893இல் கலங்கலில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றது. ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்து மீண்டும் பூட்டினார். அப்போது அவர் குழந்தையல்ல, இளைஞர் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தச் சான்று எதை நிறுவுகிறது?

வாதத்தின் முறையான வடிவம் உளவியலாளர்கள் அலிசன் காப்னிக், ஆண்ட்ரூ மெல்ட்சாஃப் இருவரும் 1997இல் எழுதிய நூலில் உள்ளது. குழந்தை உலகைப் பற்றிக் கோட்பாடு கட்டுகிறது, கணிக்கிறது, சான்று முரண்பட்டால் திருத்துகிறது. குழந்தையின் பிழைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்று காட்டியது இதன் பெரும் சாதனை. 1974இல் கார்மிலாஃப்-ஸ்மித், இன்ஹெல்டர் நடத்திய சோதனை இதற்கு வலுச் சேர்க்கிறது. ஒரு முனையில் எடை மறைத்த கட்டைகளை மெல்லிய கம்பிமேல் நிறுத்த வேண்டும். சின்னப் பிள்ளைகள் கையுணர்வால் நிறுத்தினார்கள். ஆறேழு வயதினரோ எல்லாக் கட்டையையும் நட்டநடுவில் வைத்தார்கள். நிற்காததை நிறுத்தவே முடியாதென ஒதுக்கினார்கள். தோல்வியையும் கோட்பாடே உண்டாக்கியது. அறிவியல் வரலாற்றாசிரியர் தாமஸ் கூன் விவரித்த ஆய்வாளர்களும் முரண்களை இப்படித்தான் ஒதுக்குவார்கள்.

ஆனால் ஒப்புமை பிடிவாதம் வரைதான் நீள்கிறது. பிடிவாதத்தை உடைக்கும் ஏற்பாடு விஞ்ஞானத்தில் ஒருவர் தலைக்குள் இல்லை. நம்ப மறுக்கும் இன்னொரு ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. தன் கோட்பாட்டையும் அதற்கான சான்றையும் பிரித்துப் பார்ப்பது குழந்தைகளுக்குக் கடினம் என்று உளவியலாளர் டியானா கூன் 1989இலேயே வாதிட்டார். பெற்றோரிடம் கேட்டுத் திருத்திக்கொள்வதும் அந்த ஆய்வுக்கூடத்துக்கு ஈடாகாது. அங்கே நடப்பது நம்பிக்கை, மறுப்பு அல்ல. ஆகவே குழந்தையே விஞ்ஞானி என்ற கொள்கை உளவியலாக வலுவானது. விஞ்ஞானத்தின் தத்துவமாகப் பாதி மட்டுமே.

நாயுடுவின் வாழ்வும் அந்த மறுபாதியைக் காட்டுகிறது. மோட்டார் சைக்கிளோடு அவர் நிற்கவில்லை. 1945இல் தொடங்கிய ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி, இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜி.சி.டி.), உருவாகத் துணைநின்றார். தனி ஆர்வத்துக்குப் பட்டறையும் சக மாணவரும் வேண்டும் என்பதற்கு அது போதிய சான்று.

தமிழக அரசுப் பள்ளிகளில் இருந்த செயல்வழிக் கற்றலை இந்த அளவுகோலால் நிறுத்துப் பார்க்கலாம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலமெங்கும் பரவியது. அதில் குழந்தை தன் வேகத்தில் பாட அட்டை அட்டையாக முன்னேற முடிந்தது. அது மெய்யான விடுதலை. ஆனால் அந்த அட்டைகளை வரிசைப்படுத்திய ஏணியின் படிகள் முன்பே வரையப்பட்டிருந்தன. பக்கத்தில் இருப்பவள் எடுத்த முடிவு தவறென்று அட்டையைக் காட்டி வாதிட, எந்தப் படியிலும் இடமிருக்கவில்லை.